அலாவுதீன் விளக்கு எரியும்போது

கார் மீட்டரில் சிவப்பாக எரியும் ஆயில் கெண்டியைப் பல ஓட்டுநர்கள் அலாவுதீன் விளக்கு என்பார்கள். சாவியைத் திருப்பியதும் எரியும், இன்ஜின் ஓடத் தொடங்கிய ஓரிரு விநாடியில் அணைந்துவிடும். வண்டி ஓடும்போது அது மறுபடி எரிந்தால் என்ன செய்வது என்பதில் நம்மிடையே தவறான எண்ணங்கள் மலிந்து கிடக்கின்றன. டர்போ உள்ள காரில் அந்தத் தவறுகளுக்கு விலை அதிகம். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் முறை சுழல்கிறது. பெரும்பாலான கார்களில் அதைத் தாங்கிப் பிடிப்பது பால் பேரிங்கின் குண்டுகள் அல்ல, தலைமுடியைவிட மெல்லிய ஓர் ஆயில் படலம். அந்தப் படலம் அறுந்தால் சில விநாடிகளிலேயே சேதம் தொடங்கிவிடும்.

நம்பிக்கை: விளக்கு எரிந்தால் ஆயில் குறைந்திருக்கிறது, அடுத்த பங்க்கில் ஒரு லிட்டர் ஊற்றினால் போதும்.

அந்த விளக்கு காட்டுவது ஆயிலின் அளவை அல்ல, பிரஷரை. சூடான இன்ஜின் ஐடிலில் ஒரு பார், 3,000 ஆர்பிஎம்மில் மூன்று அல்லது நான்கு பார் என்பது பொதுவாக நல்ல நிலை. விளக்கை எரியவைக்கும் சுவிட்ச்சோ பல கார்களில் பிரஷர் 0.5 பாருக்கும் கீழே இறங்கினால்தான் வேலை செய்யும். நெடுஞ்சாலையில் மூன்று பார் இருக்க வேண்டிய நேரத்தில் அது ஒன்றாகச் சரிந்தாலும் விளக்கு எரியாது. எரிகிறது என்றால் கிராங்க் பேரிங்குகள் ஏற்கெனவே ஆயிலுக்குத் தவித்துக்கொண்டிருக்கின்றன. அடுத்த பங்க் இரண்டு கிலோமீட்டரில் இருந்தாலும் அங்கே ஓட்டிப் போகக் கூடாது. ஓரம்கட்டி உடனே அணைத்துவிட்டு, சில நிமிடம் பொறுத்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் ஊற்றலாம். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தது என்றால் வண்டியை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம், கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.

அளவு குறைவதும் சிறிய விஷயமில்லை. ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா எனப் பல கார்களில் ஓடிய 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் இன்ஜினுக்கு மொத்தமே சுமார் 3 லிட்டர் ஆயில்தான். அதில் ஒரு லிட்டர் குறைந்தால், வளைவில் திரும்பும்போதும் அழுத்தி பிரேக் பிடிக்கும்போதும் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும். அந்த இன்ஜினின் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் ஆயில் பிரஷரில்தான் இயங்குகிறது. பிரஷர் விழுந்தால் செயின் தளரும், பல் தாண்டும், வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

நம்பிக்கை: ஒர்க்‌ஷாப்பில் எரியவில்லை, மலையில் மட்டும் எரிகிறது என்றால் சென்சார் கோளாறுதான்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு டாக்ஸியைக் காப்பாற்ற நானும் உடனிருந்தேன். ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். அந்தப் பாதையில் வாடகைக்கு ஓடிய டீசல் கார் அது. ஏற்றத்தில் பாதி தூரம் போனதும் விளக்கு மினுக்கும். நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தால் எரியாது. ஓட்டுநர் ஏற்கெனவே இரண்டு முறை சென்சார் மாற்றியிருந்தார். “சென்சார்தானுங்க, இந்த தடவ ஒரிஜினல் போட்டா போயிருமுன்னு சொன்னாங்க” என்றார்.

சென்சார் கெடுவது உண்டு. ஆனால் அதைச் சந்தேகிக்கும் முன் ஒரு சோதனை இருக்கிறது. சென்சார் என்று சொல்லும் அந்த பிரஷர் சுவிட்ச்சைக் கழற்றிவிட்டு, அதே துளையில் முள் வைத்த மெக்கானிக்கல் கேஜை மாட்ட வேண்டும். அதுவும் இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் நான்கு பார் காட்டினால் ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கிறது என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. பம்ப் செய்வது ஆயிலைத் தள்ளுவது மட்டுமே. அந்த ஓட்டத்துக்கு பேரிங் இடுக்குகள் கொடுக்கும் தடைதான் முள்ளில் பிரஷராகத் தெரிகிறது.

அந்தக் காரில் சூடான ஐடிலில் 1.2 பார் வந்தது. குறை சொல்ல முடியாது. 2,500 ஆர்பிஎம்மில் நிறுத்தி வைத்தோம். முள் இரண்டைத் தாண்டியது. பத்து நிமிடத்தில் மெல்ல மெல்ல இறங்கத் தொடங்கி, ஒன்றுக்கும் கீழே போனது. ஐடிலுக்கு வந்து கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி பழைய நிலை.

பேரிங் தேய்ந்த இன்ஜின் இப்படி நடந்துகொள்ளாது. அதில் சூடான ஐடிலில்தான் பிரஷர் குறைவாக இருக்கும், ஆர்பிஎம் ஏற ஏற அதுவும் ஏறும். மிஞ்சிய பிரஷரை வெளியேற்றும் ரிலீஃப் வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டால், எந்த வேகத்திலும் பிரஷர் ஓர் அளவுக்கு மேல் எழும்பாது. வேகம் கூடக்கூட, நேரம் ஆக ஆகக் குறைகிறது என்றால் பம்ப்புக்கு ஆயில் வந்து சேரவில்லை என்று பொருள். இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பை இறக்கினோம். பம்ப் உறிஞ்சும் வாயிலுள்ள ஸ்ட்ரெய்னரின் வலையில் கேஸ்கட் பேஸ்ட்டின் துணுக்குகள். முன்பு யாரோ சம்ப் மாட்டும்போது தாராளமாகப் பூசிய பேஸ்ட் உள்பக்கம் பிதுங்கி, உதிர்ந்து ஆயிலில் மிதந்திருக்கிறது. உறிஞ்சும் வேகம் கூடும்போது வலையில் போய் ஒட்டும், ஐடிலில் விலகும். ஒர்க்‌ஷாப்பில் விளக்கு எரியாததற்கும் மலையில் எரிந்ததற்கும் காரணம் அதுதான். வலையைக் கழுவி, சம்ப்பைச் சுத்தம் செய்து மாட்டியதோடு முடிந்தது. அந்த மனிதர் மூன்றாவது சென்சாரோடு மலையேறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது இப்போதும் மனம் பதறுகிறது.

ஸ்ட்ரெய்னர் அடைப்பு பெரிய நிறுவனங்களையே படுத்தியிருக்கிறது. 1990-களின் இறுதியிலிருந்து சில ஆண்டுகள் ஃபோக்ஸ்வேகன் பஸாட்டிலும் ஆடி ஏ4-இலும் வந்த 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜினில், டர்போவின் சூட்டில் ஆயில் கருகிக் கசடாகி வலையை அடைத்தது. அமெரிக்காவில் அந்தச் சேதத்துக்கான வாரன்டியை 8 ஆண்டுகளாக நீட்ட வேண்டி வந்தது. பெரிய ஃபில்டரும் சிந்தெடிக் ஆயிலும்தான் தீர்வாக அமைந்தன.

நம்பிக்கை: டெம்பரேச்சர் முள் நடுவில் நிற்கிறது, அதனால் இன்ஜின் சூடாகவில்லை.

அந்த முள் பல கார்களில் உண்மையான வெப்பநிலையைக் காட்டுவதில்லை. கூலன்ட் சுமார் 75 டிகிரியிலிருந்து 105 வரை எங்கே இருந்தாலும் அசையாமல் நடுவில் நிற்கும்படி அதை வடிவமைத்திருக்கிறார்கள். ஓட்டுநர் வீணாகப் பதறக் கூடாது என்பது நோக்கம். முள் நகரத் தொடங்கும்போது பெரும்பகுதி அவகாசம் போயிருக்கும். இன்னும் ஆபத்தான நிலை ஒன்று உண்டு. ஹோஸ் வெடித்துக் கூலன்ட் முழுக்க வடிந்துவிட்டால், சென்சார் காற்றில் தொங்கும். இன்ஜின் உள்ளே வெந்துகொண்டிருக்க, முள் கீழே இறங்கக்கூடும். வழக்கத்தைவிட முள் திடீரெனக் கீழே போனாலும் வண்டியை நிறுத்திப் பாருங்கள். விலை குறைந்த ஓபிடி அடாப்டரைச் செருகி போனில் பார்த்தால் கூலன்ட்டின் நிஜ எண் தெரியும்.

ஆயிலின் சூடு இன்னொரு கணக்கு. கூலன்ட் 90-ஐத் தொட்ட பிறகும் ஆயில் சூடேற அதற்கு மேல் நேரம் எடுக்கும், அதனால் காலையில் முதல் சில கிலோமீட்டர் டர்போவை விரட்டக் கூடாது. மலையேற்றத்தில் இது தலைகீழாகும். கூலன்ட் 95-ல் நிற்கும்போதே ஆயில் 120-ஐத் தாண்டலாம். 100 டிகிரியிலிருந்து 120-க்குப் போனால் ஆயிலின் பிசுபிசுப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. மலையுச்சியில் டீக்கடை முன்னால் நிறுத்தி ஐடிலில் விடும்போது சிலருக்கு விளக்கு மினுக்குவது இதனால்தான். சூடும் பிரஷரும் தனித்தனி நோய்கள் அல்ல.

நம்பிக்கை: நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தான் சரி. பிரஷரும் ஏறும்.

பிரஷர் ஏறும், உண்மைதான். ஓட்டம் குறையும். 100 டிகிரியில் 30 கிரேடு ஆயிலின் பிசுபிசுப்பு 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக், 50 கிரேடுக்கு 16.3 முதல் 21.9. 5டபிள்யூ30 கேட்கும் இன்ஜினில் 20டபிள்யூ50 ஊற்றினால், காலையில் அது டர்போவின் மெல்லிய குழாயைக் கடந்து போய்ச் சேரத் தாமதமாகும். ஃபில்டரின் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயில் பேரிங்குக்குப் போகும். வெளியே எத்தனை டிகிரி வெயில் அடித்தாலும் தெர்மோஸ்டாட் இன்ஜினை ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில்தான் வைத்திருக்கிறது. கையேட்டில் 30, 40 என இரண்டு கிரேடுக்கு அனுமதி இருந்து, நீங்கள் அடிக்கடி மலையேறுபவர் என்றால் 40 போடலாம். விளக்கை அணைப்பதற்காகக் கெட்டி ஆயில் ஊற்றுவது, நோயை மறைத்து வண்டியை விற்பவர்கள் செய்யும் வேலை.

நம்பிக்கை: தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டால் இன்ஜின் சூடாகாது.

நம் ஊரில் எத்தனையோ கார்களில் இதைக் கழற்றியிருக்கிறார்கள். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை அடைக்கிறது. அதைக் கழற்றினால் கூலன்ட்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் இன்ஜினுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். ஏற்றத்தில் வண்டி முன்னைவிட வேகமாகச் சூடாகும். சமவெளியிலோ இன்ஜின் சூடேறவே ஏறாது. ஆயிலில் சேரும் ஈரமும் டீசலும் ஆவியாகிப் போக வழியில்லாமல் கசடாகும்.

ஆயில் அளவு கூடினால் நல்லது என்பதும் தவறு. பிஎஸ்6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டியின் சுத்திகரிப்பு பாதியிலேயே நின்றுபோனால் டீசல் சம்ப்பில் இறங்கி டிப்ஸ்டிக்கில் அளவு ஏறும். ஏறியது ஆயில் அல்ல. அதை முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடித்தால் அளவை வடித்துச் சரிசெய்வதில் பயனில்லை, ஆயிலையே மாற்ற வேண்டும்.

நம்பிக்கை: அணைக்கும் முன் ஒரு ரேஸ் கொடுத்து அணைப்பது இன்ஜினுக்கு நல்லது.

பழைய லாரிக் காலத்திலிருந்து வந்த பழக்கம் இது. டர்போவுக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. ரேஸ் கொடுத்ததும் டர்போ வேகம் பிடிக்கும், சாவியைத் திருப்பியதும் ஆயில் நின்றுபோகும், தண்டோ சுழன்றுகொண்டே இருக்கும். மலையேறியோ நெடுஞ்சாலையில் விரட்டியோ வந்திருந்தால் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். தெருவுக்குள் மெதுவாக வந்து வீட்டு வாசலில் நிறுத்தும்போது அதுவும் தேவையில்லை.

நம்பிக்கை: நீலப் புகை வந்தால் டர்போ போய்விட்டது, மாற்ற வேண்டும்.

டர்போவின் இரு முனைகளிலும் ஆயிலைத் தடுப்பவை ரப்பர் சீல்கள் அல்ல, பிஸ்டன் ரிங் போன்ற மெல்லிய உலோக வளையங்கள். உள்ளே வந்த ஆயில் தன் எடையாலேயே கீழே வடிந்து சம்ப்புக்குப் போக வேண்டும். அந்தக் குழாய் நசுங்கியிருந்தாலோ, இன்ஜின் மூச்சுவிடும் பிரீதர் குழாய் அடைத்துக் கிராங்க் கேஸில் அழுத்தம் கூடியிருந்தாலோ, ஆயில் வடிய இடமின்றி வளையத்தைத் தாண்டிக் கசியும். புகை வரும். டர்போவில் குறையே இருக்காது.

நிஜமாகவே டர்போ கெட்டிருந்தாலும் ஏன் கெட்டது என்று தெரியாமல் புதிதை மாட்டுவது பணத்தைக் கொட்டுவது. ஐரோப்பாவில் பியூஜோ, சிட்ரோயன், ஃபோர்டு எனப் பல கார்களில் வந்த 1.6 லிட்டர் டீசல் இன்ஜின் இதற்குப் பெயர்போனது. இன்ஜெக்டர் வாஷர் கசிந்து, கரி ஆயிலில் கலந்து, டர்போவுக்குப் போகும் குழாயின் சிறிய வலையை அடைத்தது. மெயின் கேலரியில் பிரஷர் சரியாகவே இருக்கும், டர்போவுக்குச் சொட்டு ஆயில் போகாது. புதிய டர்போ சில நாளில் மறுபடி போகும்.

அதனால் புதிய டர்போ மாட்டும்போது ஆயில் வரும் குழாயையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். திரும்பும் குழாயை உடனே இணைக்க வேண்டாம். அதை ஒரு பாத்திரத்தில் விட்டு, இன்ஜினை ஒரு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, விழும் ஆயிலை அளந்து, கையேட்டில் அந்த இன்ஜினுக்குக் கொடுத்த அளவோடு ஒப்பிட வேண்டும். அளவு சரியாக இருப்பதை உங்கள் கண்ணால் பார்த்த பிறகு பில்லுக்குப் பணம் கொடுங்கள்.