மிளகாய் விற்பனையின் படிகளும் குடியானவர் நிலையும்

கீழக்கரைக் கடலில் முக்குளிப்போர் எடுத்த சங்கு, நெடுங்காலமாக வங்காளத்திற்குச் சென்று, டாக்காவிலும் கல்கத்தாவிலும் அறுக்கப்பட்டு, மணமான மாதரின் கைவளையலாகி விற்றது. சங்கு குளிக்கும் உரிமை சேதுபதி மன்னருடையது. அதனைக் குத்தகைக்கு எடுத்தவர் ஒருவர், மூழ்கினவர் வேறொருவர், வடக்கே அனுப்பினவர், அறுத்தவர், கடையில் விற்றவர் எனப் பலர் பின்னும் இருந்தனர். மூச்சை அடக்கி ஆழத்தில் இறங்கினவனுக்கு வளையல் என்ன விலைக்குப் போயிற்று என்பது தெரியாது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வூரில் வாழ்ந்த பெரியதம்பி மரைக்காயர், அதாவது புலவர் போற்றிய வள்ளல் சீதக்காதி, கொள்முதலையும் கடல் வாணிகத்தையும் தம் ஒரு கையிலேயே வைத்திருந்தமையால்தான் ஒல்லாந்தருடன் சமமாக நின்று பேச முடிந்தது. சரக்கு செல்லும் வழியில் எத்தனை படிகளைத் தன் வசத்தில் வைத்திருக்கிறானோ அந்த அளவே வணிகனுக்கு வலிமை. பயிரிடுகிறவனுக்கும் இது பொருந்தும்.

கீழக்கரையிலிருந்து சிறிது தூரம் உள்நாட்டிற்குச் சென்றால் திருப்புல்லாணி, கடலாடி, முதுகுளத்தூர், கமுதிப் பகுதிகளின் கரிசல் நிலங்களில் முண்டு மிளகாய் விளைகிறது. உருண்டை வடிவும் தடித்த தோலும் உடைய இம்மிளகாய்க்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு அளிக்கப்பட்டது. புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைத்து, தை முதல் சித்திரை வரை பல பறிப்புகளாக எடுத்து, களத்தில் உலர்த்தி விற்பது வழக்கம். மழை ஒன்றே முதலாகவுள்ள இந்நாட்டில் விதைப்பிற்கும் களையெடுப்பிற்கும் பணம் வேண்டும். விளைச்சலோ நான்கு மாதங்களுக்கு அப்பால் இருக்கிறது. இந்த இடைவெளியில்தான் கமிஷன் மண்டிக்காரர் வந்து சேருகிறார்.

அவர் கொடுப்பது முன்பணம். வட்டி வெளிப்படையாகக் கேட்கப்படாமலும் இருக்கலாம். ஆனால் சரக்கு அவர் மண்டிக்கே வரவேண்டும் என்பது பேச்சு. அங்கிருந்து மொத்த வியாபாரி, விருதுநகர் போன்ற பெருஞ்சந்தை, அரைவை ஆலை, ஊர்தோறும் உள்ள சில்லறைக் கடை எனச் சரக்கு இறங்கிச் செல்லும். மண்டிக்காரர் செய்யும் ஊழியம் பொய்யென்று சொல்வது நியாயமன்று. வங்கிக் கடன் கைக்கு வந்து சேராத காலத்தில் அவரே தருகிறார், நள்ளிரவில் வண்டி வந்தாலும் மூட்டையை இறக்கிக்கொள்கிறார். இடர் எங்கேயெனில், கடன் கொடுத்தவரும் விலை சொல்லுகிறவரும் தராசு பிடிக்கிறவரும் ஒருவராகவே இருப்பதுதான்.

இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு குடியானவரிடம் 25 கிலோ வீதம் 20 மூட்டை, ஆக 500 கிலோ மிளகாய் இருப்பதாகவும், அன்றைய சந்தை விலை கிலோ 200 ரூபாய் என்றும் கொள்வோர் 1,00,000 ரூபாயை எதிர்பார்ப்பர். மாதிரி பார்ப்பதென்று மூட்டைக்கு 1 கிலோ எடுக்கப்பட்டால் மிஞ்சுவது 480 கிலோ. முன்பணம் வாங்கியவர் என்பதால் விலையில் 10 ரூபாய் குறைந்தால் வரவேண்டியது 91,200 ரூபாய். நூற்றுக்கு 5 கமிஷன் 4,560 ரூபாய். கையில் சேர்வது 86,640 ரூபாய். ஏற்றுகூலியும் சாக்கின் விலையும் இன்னும் கழிக்கப்படவில்லை. இவ்வெண்கள் விளக்கத்திற்காக வைத்துக்கொண்டவை. தம் சீட்டை எடுத்து இவ்வாறே ஒவ்வொரு வரியாகப் பிரித்துப் பார்ப்பது ஒவ்வொருவர் கடமை. கமிஷனை மட்டும் நோக்கி வருந்துவோர் மிகுதி. மாதிரிக்கென எடுத்த சரக்கும் விலைக்குறைவும் அதைவிடப் பெரிதென்பதைக் கவனிப்போர் சிலரே.

துண்டின் மறைவில் விரலைப் பிடித்து விலை பேசும் பழைய வழக்கத்தை ஒழிக்கவே 1933இல் சென்னை வாணிபப் பயிர்ச் சந்தைச் சட்டம் ஏற்பட்டது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் அதன் வழி வந்தவை. வெளிப்படையான விலை, சரியான எடை, சரக்கின் ஈட்டின்மேல் கடன் ஆகியவை அங்குண்டு. எனினும் முன்பணம் வாங்கியவர் அங்கே செல்ல இயலாது. சந்தையைச் சீர்திருத்தியும் கடனைச் சீர்திருத்தாவிடில் பாதி வேலையே முடிந்ததாகும்.

உற்பத்தி, மொத்தம், சில்லறை ஆகிய படிகள் தனித்தனியே நின்று ஒன்றையொன்று நெருக்குவதை விட்டு, மேலிருந்து கீழ் வரை ஒரே ஏற்பாட்டிற்குள் இணைவதைத் தொடர் விற்பனை முறை எனலாம். உடைமையால் இணைவதும் ஒப்பந்தத்தால் இணைவதும் உண்டு. ஒரு வலியவரின் செல்வாக்கினால் மட்டுமே கட்டுண்டிருப்பது மூன்றாவது வகை. மண்டியின் முன்பணச் சங்கிலி இம்மூன்றாவதைச் சேர்ந்ததே. ஆகையால் குடியானவர் ஏற்கெனவே ஒரு தொடருக்குள்தான் இருக்கிறார். அதன் தலைப்பு அவர் கையில் இல்லை.

தலைப்பைப் பயிரிடுவோரே பிடித்த நிகழ்ச்சி குஜராத்தில் உண்டு. கேடா ஜில்லாவில் பால் கறப்போர், பம்பாய்க்குப் பால் அனுப்பும் தனியுரிமை ஒரே நிறுவனத்திடம் இருந்ததை எதிர்த்து, 1946இல் பால் விற்பதையே நிறுத்தி, அவ்வாண்டு டிசம்பரில் தம் கூட்டுறவுச் சங்கத்தைப் பதிவு செய்தனர். திரிபுவன்தாஸ் படேல் தலைமை வகித்தார். 1949இல் வர்கீஸ் குரியன் வந்து சேர்ந்தார். கிராமத்தில் சங்கம், ஜில்லாவில் பதனிடும் ஒன்றியம் என்ற இரண்டோடு, 1973இல் மாநில அளவில் விற்பனைச் சம்மேளனமும் சேர்ந்து, மாட்டுக்கொட்டில் முதல் கடைப்பலகை வரை எல்லாம் கறப்போர் உடைமையாயிற்று. அமுல் என்னும் பெயரை அறியாத வீடு இன்று அரிது.

இதை அப்படியே மிளகாய்க்குப் பெயர்த்து வைக்கலாம் என்று எண்ணுவோர் ஒரு வேற்றுமையைக் கருத வேண்டும். பாலுக்கு நாள்தோறும் இருவேளை அளவு, அடுத்தடுத்துப் பணம். மிளகாய்க்கு ஆண்டிற்கு ஒரு பருவம். பாலைக் கொண்டு வந்தவர் அவ்வாரமே அரிசி வாங்குவார். மிளகாய் விதைத்தவர் நான்கு மாதம் எதனால் சாப்பிடுவார்? ஆகவே உற்பத்தியாளர் நிறுவனம் ஏதும் கொள்முதலோடு விதைப்புக்காலக் கடனையும் ஏற்பாடு செய்யாவிடில், உறுப்பினர் பங்குப்பத்திரத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு மூட்டையை மண்டிக்கே கொண்டு செல்வர். அவர்களைக் குறை கூறுவதில் பயனில்லை. 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கம்பெனிச் சட்டத்தின்கீழ் உற்பத்தியாளர் கம்பெனிகள் அமைக்க வழி உண்டாயிற்று. பலவற்றின் தடுமாற்றம் இவ்விடத்திலேயே தொடங்குகிறது.

சேமிப்பும் அவ்வாறே. மிளகாய் சூட்டிலும் ஈரத்திலும் நிறம் மங்கும்; நிறம் போனால் விலை போகும். குளிர்பதனக் கிடங்கில் வைத்தால் நிறம் நிற்கும். அங்கு வைத்துப் பெறும் ரசீதின்மேல் கடன் கிடைக்குமாயின் மாசியில் எல்லோரும் ஒருங்கே விற்று விலையை வீழ்த்தாமல் காத்திருக்கலாம்.

குடியானவர் பக்கத்துக் குற்றமும் ஒன்றுண்டு. எடை ஏறுமென்று நீர் தெளித்துக் கட்டும் மூட்டையில் பூஞ்சாளம் பற்றி, அதனால் நச்சுண்டாகும்; வெளிநாடு செல்லும் சரக்கு அங்கே சோதனையில் தள்ளப்படும். வெறுந்தரையில் உலர்த்துவதாலும் மண்ணும் கழிவும் சேருகின்றன. தார்ப்பாயின்மேலாவது சிமிட்டிக் களத்தின்மேலாவது உலர்த்தி, காம்பும் வெளுத்த காயும் நீக்கித் தரம் பிரித்தவரின் சரக்கை ஆலைக்காரர் நேரே தேடி வருவர்.

அவ்வாறு வருவோருடன் ஒப்பந்தம் செய்யுங்கால், எழுத்தில் காணவேண்டியவை சில. தமிழ்நாட்டில் ஒப்பந்தப் பண்ணையம் குறித்து 2019இல் சட்டமும் இயற்றப்பட்டது. விலை நிலையானதா, சந்தையைத் தொடர்ந்து மாறுவதா. சந்தை உயர்ந்தால் கூடுதல் உண்டா. ஈரத்தையும் மருந்தின் எச்சத்தையும் சோதிப்பது எங்கே, செலவு யாருடையது. தள்ளிய சரக்கு யாருக்கு உரியது. எத்தனை நாளில் பணம் என்பன அதில் தெளிவாக இருத்தல் வேண்டும். சோதனைக்கு எடுக்கும் மாதிரியை இரண்டாகப் பிரித்து, இருதரப்பாரும் முத்திரையிட்டு, ஒன்றைக் குடியானவரே வைத்துக்கொள்ளலாம் என்ற நிபந்தனையையும் சேர்த்துக்கொள்வது உசிதம்.