பிள்ளை ஏன் நம்மிடம் சொல்லவில்லை?



போன வருஷம் ஒரு வீட்டு ஜெபத்துக்குப் போயிருந்தேன். எட்டாம் வகுப்பு படிக்கிற அந்த வீட்டு மகள், பாட்டு நேரத்தில் எப்போதும் முன்னால் உட்காருகிறவள், அன்றைக்கு அறையை விட்டு வெளியே வரவில்லை. "வயித்து வலின்னு படுத்திருக்கா பாஸ்டர், ரெண்டு வாரமா ஸ்கூலுக்கும் சரியா போறதில்ல" என்றார் தாயார். டாக்டரிடமும் காட்டியாயிற்று. விஷயம் வயிற்றில் இல்லை. (அவர்களுடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.)

வகுப்புப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ அவள் போட்டோவை எடுத்து, பல்லைப் பெரிதாக்கி, ஸ்டிக்கராகச் செய்து விட்டிருந்தார்கள். அவள் என்ன எழுதினாலும் பதிலுக்கு அந்த ஸ்டிக்கர்தான் வரும். முதல் நாளே தகப்பனிடம் சொல்லியிருக்கிறாள். அவர் போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். "இனிமே போனே வேணாம், பிரச்சினை முடிஞ்சுது." அவருக்கு முடிந்தது. மற்றப் பிள்ளைகளின் போனில் ஸ்டிக்கர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அங்கே என்ன நடக்கிறது என்று தெரியாமல் பள்ளிக்குப் போக வேண்டியவள் இவள் ஒருத்திதான். அதற்குப் பிறகு தகப்பனிடம் அவள் எதையும் சொல்லவில்லை.

அந்தத் தகப்பனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானும் அதையேதான் செய்திருப்பேன். நம் காலத்தில் கேலி பள்ளிக்கூட வாசலோடு நின்றுவிடும். பட்டப்பெயர் வைத்தவன் நம் பின்னாலேயே வீட்டுக்கு வரமாட்டான். இப்போது ராத்திரி பதினோரு மணிக்கும் பிள்ளையின் தலையணைக்கு அடியில் அவன் இருக்கிறான். பள்ளியை மாற்றினாலும் விடுகிறதில்லை. கனடாவில் அமாண்டா டாட் என்ற சிறுமி பள்ளி மாறிப் பார்த்தாள். அவளுடைய படம் புதுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. 2012 அக்டோபரில், 15 வயதில், அவள் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். மிரட்டியவன் கடலுக்கு அப்பால் நெதர்லாந்தில் இருந்தவன். கனடா நீதிமன்றம் அவனுக்கு 13 வருஷத் தண்டனை கொடுத்தது 2022ல்தான்.

ஆகையால் பிள்ளை வந்து சொல்லும்போது நம் வாயிலிருந்து முதலாவது வர வேண்டியது, "உன் போனை வாங்க மாட்டேன், சொன்னது நல்லதாச்சு" என்பதே. திட்டும் வேண்டாம், "நீ என்ன பண்ணின?" என்ற விசாரணையும் வேண்டாம். பிறகு, வந்ததை அழிக்காமல் எண்ணும் தேதியும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அனுப்பியவனை ரிப்போர்ட் செய்து பிளாக் பண்ணலாம். வகுப்பாசிரியரை நேரில் பாருங்கள். பெற்றோர் குரூப்பில் போய்ச் சண்டை போடாதீர்கள், அதில் பெரியவர்கள் பேசுகிற பேச்சைத்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள்! மிரட்டலோ, பணம் கேட்பதோ இருந்தால் 1098க்குப் பேசுங்கள், அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் எழுதுங்கள். பெண்கள், பிள்ளைகள் சம்பந்தமான புகாரை அங்கே பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். ஆபாசப் படமாயிருந்தால் மட்டும் நகல் எடுக்காதீர்கள், ஆதாரத்துக்கென்றுகூட யாருக்கும் அனுப்பாதீர்கள், எனக்கும் வேண்டாம். பிள்ளைகளின் அப்படிப்பட்ட படத்தை அனுப்புவதே தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவின்படி குற்றம். போனோடு நேராகப் போலீஸிடம் போங்கள்.

இனி எழுதப்போவது எனக்கு வெட்கமானது. என் மகனும் அதே வகுப்புதான். அன்று ராத்திரி அவனைக் கேட்டேன். "நான் செய்யலப்பா, சும்மா ஃபார்வேர்டுதான் பண்ணேன்" என்றான். தம்பி யோசேப்பைக் குழியில் தள்ளிவிட்டு அண்ணன்மார் சாப்பிட உட்கார்ந்ததைப் படித்து எத்தனை பிரசங்கம் செய்திருக்கிறேன்! என் பிள்ளையும் அந்தப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறான், எனக்குத் தெரியவில்லை. என் கை அவன் போனுக்குத்தான் நீண்டது. பீரோ ஞாபகம் வந்தது, நிறுத்திக்கொண்டேன்.

விடிய விடியப் பேசினோம். காலையில் அவனே குரூப்பில், "இத இனி யாரும் போடாதீங்க, நானும் போட்டேன், தப்பு" என்று எழுதினான். மூன்று பேர் நிறுத்தினார்கள், எல்லாரும் இல்லை. சாயங்காலம் அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். அவள் கதவைத் திறக்கவில்லை. மூடின கதவுக்கு வெளியே நின்றபடியே மன்னிப்புக் கேட்டான். உள்ளேயிருந்து கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "உங்க அப்பாகிட்ட நீயா சொன்னியா?" என்று கேட்டாள்.