வயதுக்கேற்ற உணவும் நம் இல்லங்களும்

ஓர் இல்லத்தை எடுத்துக்கொள்வோம். பாட்டிக்கு எழுபத்திரண்டு வயது. மகனுக்கு நாற்பத்தைந்து, மருமகளுக்கு நாற்பது. பேத்தி பத்தாம் வகுப்பில் பயில்கிறாள். பேரனுக்கு ஆறு வயது. ஐவருக்கும் ஒரே உலையில் சோறு, ஒரே சாம்பார், ஒரே பொரியல். இவ்வைவருள் இரும்புச்சத்து மிகுதியாக வேண்டப்படுபவர் யார்? வகுப்பில் இவ்வினாவை நான் எழுப்பிய போதெல்லாம், "அப்பாவுக்குத்தான், அவர்தானே உழைக்கிறார்" என்றே மாணவியர் பலரும் விடை கூறினர். பெண் குழந்தைகளே அவ்வாறு கூறியதுதான் என்னைச் சிந்திக்க வைத்தது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட பரிந்துரையின்படி, வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம் இரும்புச்சத்து போதும். அவர் மனைவிக்கு 29 வேண்டும். 13 முதல் 15 வயதுவரை உள்ள பெண்ணுக்கு 30. 16 முதல் 18 வரை 32. ஆக, அவ்வில்லத்தில் முதலிடம் பேத்திக்கே உரியது. சுண்ணாம்புச்சத்தைப் பார்த்தால் வரிசை மாறிவிடும். மகனுக்கும் பேத்திக்கும் 1000 மில்லிகிராம், பாட்டிக்கோ 1200. இனி, உடல் எடையோடு ஒப்பிட்டுப் பார்த்தால், ஒரு கிலோ எடைக்குத் தந்தை உண்பதைப்போல் இருமடங்குக்கு மேல் ஆறு வயதுப் பேரன் உண்ண வேண்டும். பானை ஒன்றுதான், தேவையோ ஐந்து வகை. பந்தியில் நாம் பரிமாறும் வரிசை இத்தேவையை ஒட்டி அமையவில்லை என்பதை எந்த இல்லத்தரசியும் ஒரு நாள் கவனித்தால் கண்டுகொள்வார்.

புலால், மது, தேன் ஆகியவற்றையும், ஆல், அரசு, அத்தி முதலிய ஐவகைக் கனிகளையும், கிழங்கு வகைகளையும் விலக்கி, பொழுது சாய்வதற்கு முன் உண்டு முடிக்கும் நம் உணவொழுக்கம் உடலுக்குப் போதுமா என்று அயலார் கேட்பதுண்டு. இப்போது நம் பிள்ளைகளே கேட்கின்றனர். தானியம், பருப்பு, பால், காய், கனி, எள், நிலக்கடலை இவை இருக்கும்வரை போதும். உருளைக்கிழங்கில் உள்ள மாவுச்சத்து அரிசியிலும் உண்டு. காரட்டுக்காக எவரும் ஏங்க வேண்டியதில்லை. பரங்கிக்காயும் பப்பாளியும் மாம்பழமும் முருங்கைக்கீரையும் அக்குறையைத் தீர்க்கும். கவனம் வேண்டுவது வேறிடத்தில். யாருக்கு, எந்த வயதில், எந்த வேளையில் என்பதில்தான் நாம் தவறவிடுகிறோம்.

குழந்தைப் பருவம்

பிறந்து ஆறு திங்கள்வரை தாய்ப்பால் ஒன்றே உணவு, தண்ணீரும் வேண்டா. முதலில் சுரக்கும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவது பெருந்தவறு. பிற இல்லங்களில் சேனை என்று தேன் தொட்டு வைப்பர். ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஆகாது என்று இன்று மருத்துவர் எச்சரிக்கின்றனர். நாம் அதை அறம் கருதி விலக்கியவர்கள். ஆயினும் அதற்கு மாற்றாகச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதுவும் வேண்டா.

மூன்று கிலோவாகப் பிறந்த குழந்தை ஓராண்டில் ஒன்பது கிலோவாகிறது. வாழ்நாளில் வேறு எந்த ஆண்டிலும் மனித உடல் மும்மடங்காவதில்லை. ஆனால் வயிறோ மிகச் சிறியது. ஆகவே ஆறு திங்களுக்குப்பின் கொடுக்கும் உணவு, அளவில் சிறிதாயினும் செறிவுடையதாக இருத்தல் வேண்டும். நீர்த்த கஞ்சியும் பருப்புத் தண்ணீரும் வயிற்றை நிரப்புமேயன்றி உடலை வளர்க்கா. அரிசியும் பாசிப்பருப்பும் குழைய வேகவைத்து, மசித்து, நெய் விட்டு, கரண்டியைச் சாய்த்தாலும் வழியாத பதத்தில் ஊட்டுக. மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரி தர, நெய் 9 கலோரி தருகிறது. குழந்தையின் கிண்ணத்தில் நெய் விடத் தயங்கும் தாய், தந்தையின் இலையில் தாராளமாக விடுவதை நான் பார்த்திருக்கிறேன். மாற்றிச் செய்தல் நலம்.

இரவு உண்ணாமை என்னும் விரதம் கைக்குழந்தைக்கு உரியதன்று. எட்டு வயது நிரம்பிய பின்னரே விரதம் ஏற்கும் தகுதி என்பது நம் மரபு. இரவில் பசித்தழும் குழந்தைக்குப் பாலூட்டத் தயங்க வேண்டா.

பள்ளி செல்லும் குழந்தையைப் பற்றி ஒரு செய்தி. அரசுப் பள்ளிகளில் 1982 முதல் நடைபெறும் சத்துணவுத் திட்டத்தில் முட்டை உண்ணாத குழந்தைகளுக்கு வாழைப்பழம் வழங்குகின்றனர். நம் பிள்ளைகளின் கொள்கையை மதிக்கும் ஏற்பாடு அது, பாராட்டத்தக்கது. ஆனால் முட்டையில் ஆறு கிராமுக்குக் குறையாத புரதம் உண்டு. வாழைப்பழத்தில் ஒரு கிராம் அளவே. அந்த இடைவெளியைப் பள்ளி நிரப்பாது. வீடுதான் நிரப்ப வேண்டும். மாலையில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை அல்லது காராமணிச் சுண்டலும் ஒரு குவளைப் பாலும் கொடுத்தால் போதும்.

பதின்பருவப் பெண்

இக்கட்டுரையை எழுதத் தூண்டியதே இப்பகுதிதான். 2019-21இல் நடைபெற்ற தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேர் இரத்தசோகை உடையோர். வளர்ச்சியின் வேகம், மாதந்தோறும் ஏற்படும் குருதி இழப்பு ஆகிய இரண்டும் சேர்ந்தே இப்பருவப் பெண்ணின் இரும்புத் தேவையை உயர்த்துகின்றன. சோர்வு, படிப்பில் கவனமின்மை, படியேறினால் மூச்சிரைப்பு, வெளிறிய இமை உட்புறம் என்பன அறிகுறிகள். "சோம்பேறி" என்று நாம் கடிந்துகொள்ளும் பெண்களுள் எத்தனை பேர் உண்மையில் நோயாளிகளோ!

நம் இல்லத்துப் பெண்ணுக்கு மேலும் ஓர் இடர் உண்டு. கார்த்திகைத் திங்களில் நம் வந்தவாசி, திண்டிவனம் பக்கத்தில் ஏறத்தாழ 5 மணி 40 நிமிடத்திற்கே கதிரவன் மறைந்து விடுகிறான். ஆடியில்கூட 6 மணி 40 நிமிடத்திற்கு மேல் பொழுது நில்லாது. பத்தாம் வகுப்பு மாணவியோ சிறப்பு வகுப்பு, தனிப்பயிற்சி எல்லாம் முடித்து ஏழு மணிக்கு வீடு திரும்புகிறாள். நியமம் காக்கும் பெண்ணாயின் தண்ணீர் மட்டும் அருந்திப் படுத்துக்கொள்கிறாள். அதையும் விடுவாரும் உளர். நண்பகல் 12.45க்கு உண்ட தயிர்சாதத்துக்குப் பின் மறுநாள் காலை 7.45க்குத்தான் அடுத்த உணவு. கூட்டிப் பாருங்கள்: பத்தொன்பது மணி நேரம்! பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் அக்காலை உணவும் இரண்டு வாயோடு நின்றுவிடும்.

பெரியோர் வகுத்த இரவுண்ணாமை, பகலில் இருமுறையேனும் நிறைவாக உண்டவருக்கான ஒழுக்கம். ஒரு வேளை உணவை அடியோடு இழக்கச் சொல்வது அன்று. ஆதலால் இரவு உணவை ஒழிக்காமல் மாலைக்கு நகர்த்த வேண்டும். காலையில் மதிய உணவோடு இரண்டாவது டப்பா ஒன்றும் கொடுத்தனுப்புக. எலுமிச்சை சாதமும் சுண்டலும், கேழ்வரகு அடை, எள்ளுருண்டை, வேர்க்கடலை உருண்டை, கொய்யாப்பழம் என்பன மாலைவரை கெடாதவை. பள்ளி விட்ட நாலரை மணிக்கும் தனிப்பயிற்சி தொடங்குவதற்கும் இடையில் அவள் உண்ணக் கால்மணி நேரம் வேண்டும். அதற்காக ஆசிரியரிடம் கேட்பதற்குத் தந்தையர் கூச்சப்படக் கூடாது. நானும் ஆசிரியையாக இருந்தவள்தான். காரணம் கூறிக் கேட்ட பெற்றோருக்கு மறுத்ததில்லை.

எதை உண்பது என்பதற்கும் கணக்கு உண்டு. தீட்டிய அரிசி நூறு கிராமில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. அதே அளவு கம்பில் ஏறத்தாழ ஆறு, கொள்ளில் எட்டுக்கு மேல், எள்ளில் அதனினும் மிகுதி. நம் பாட்டிமார் கம்பங்கூழும் கொள்ளுத் துவையலும் உண்டு வளர்ந்தவர்கள். வெள்ளரிசிச் சோறு நாள்தோறும் உண்ணும் செல்வம் வந்தபின் இவை அடுக்களையை விட்டு அகன்றன. தாவர உணவிலுள்ள இரும்பு எளிதில் உடலில் சேர்வதில்லை. நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா ஆகியவற்றில் ஒன்று அவ்வுணவோடு சேர்ந்தால் நன்கு சேரும். தேநீரும் காபியும் அதைத் தடுக்கும். ஆகவே உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் அவை வேண்டா. அட்டமி, சதுர்த்தசியில் கீரையை விலக்கும் இல்லங்கள் அந்நாட்களில் பருப்பையும் எள்ளையும் கூட்டிக்கொள்ளலாம். பள்ளிகளில் வாரந்தோறும் கொடுக்கும் நீல நிற இரும்பு மாத்திரையை நம் பெண்கள் பைக்குள் பத்திரமாக வைத்து வீட்டுக்குக் கொணர்கின்றனர் என்று கேள்விப்படுகிறேன். வயிற்றைப் புரட்டுகிறது என்பது காரணமானால் உணவுக்குப் பின் விழுங்கச் சொல்லுங்கள்.

தாய்மை

கருவுற்ற பெண் இருவருக்காக உண்ண வேண்டும் என்பர். அது மிகை. அவளுக்குக் கூடுதலாக வேண்டுவது நாளொன்றுக்கு 350 கலோரி அளவே. ஆனால் பாலூட்டும் முதல் ஆறு திங்களில் 600 கலோரி கூடுதலாக வேண்டும். நாமோ தலைகீழாகச் செய்கிறோம். கருவுற்றவளுக்கு வளைகாப்பும் பலவகைச் சாதமும், பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியமும்! பருப்பு ஆகாது, காய் ஆகாது, தண்ணீர் குறைவாக என்று அடுக்குவது அவள் பாலையும் எலும்பையும் ஒருங்கே குறைக்கும். பூண்டு சேர்க்காத நம் பத்தியத்தில் சுக்கு, மிளகு, சீரகம் இருக்கட்டும். அவற்றோடு பருப்பும் நெய்யும் முருங்கைக்கீரையும் பாலும் இருக்கட்டும்.

போலிக் அமிலம் என்னும் சத்தைப் பற்றி மணமான பெண்கள் முன்னரே அறிதல் நலம். கருவின் தண்டுவடம் முதல் நான்கு வாரங்களுக்குள் உருவாகி மூடிக்கொள்கிறது. பல பெண்களுக்கு அப்போது தாம் கருவுற்றிருப்பதே தெரியாது. ஆதலால் குழந்தை வேண்டுமென்று எண்ணும் நாள் முதற்கொண்டே மருத்துவர் கூறும் மாத்திரையைத் தொடங்க வேண்டும்.

தசலட்சண பர்வத்தில் உபவாசம் ஏற்க விரும்பும் கருவுற்ற சகோதரிகள் அவ்வாண்டு அதை ஒத்திவைக்கலாம். சுவாத்தியாயமும் பூசையும் அவர்களுக்குத் தடையில்லை.

நடு வயது ஆடவரைப் பற்றி நீண்டு கூற ஒன்றுமில்லை. உழைப்புக் குறைந்தபின்னும் சோற்றின் அளவு குறையவில்லை. விருந்துகளில் இனிப்பு கூடிவிட்டது. அப்பளத்திலும் வறுவலிலும் உப்பு மிகுதி. நாளொன்றுக்கு ஐந்து கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி உப்புக்கு மேல் வேண்டா என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. அவர்கள் இலையிலிருந்து குறைப்பதைப் பேத்தியின் இலைக்கும் பாட்டியின் இலைக்கும் மாற்றினால் கணக்குச் சரியாகும்.

முதுமை

"எனக்கென்ன, ஒரு பிடி போதும்" என்று கூறாத பாட்டி நம் இல்லங்களில் இல்லை. அவ்வொரு பிடியும் பெரும்பாலும் மோர்ச் சோறு. முதுமையில் கலோரித் தேவை குறைவது உண்மை. புரதத் தேவை குறைவதில்லை. எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் அளவு வேண்டும். ஐம்பது கிலோ எடையுள்ள பாட்டிக்கு ஐம்பது கிராம். பல் இல்லாதவர் பருப்பையும் காயையும் ஒதுக்கிச் சோற்றை மட்டும் விழுங்குவதால் தசை கரைகிறது, கால் தடுமாறுகிறது, விழுந்தால் இடுப்பெலும்பு முறிகிறது. பருப்பை மசித்து, காயைக் குழைய வைத்துப் பரிமாறுவது மருமகளுக்குப் பெரிய வேலையன்று. ஏகாசனம் ஏற்று ஒரு வேளை மட்டும் உண்பவருக்கு அந்த ஒரு வேளையிலேயே பருப்பு, பால், நெய், கனி யாவும் அமைய வேண்டும். தாகம் தோன்றுவதும் முதுமையில் மங்கும். பகலிலேயே கேட்டுக் கேட்டுத் தண்ணீர் கொடுக்க வேண்டும்.

சல்லேகனை என்பது அறிந்து, குருவின் இசைவோடு, உரிய காலத்தில் ஏற்கும் உயர்ந்த விரதம். பசி மந்தித்து, கவனிப்பாரின்றி நாளடைவில் உணவு குறைந்து மெலிவது அதுவன்று. இரண்டையும் ஒன்றெனக் கருதிப் பெருமைப்படுவோரைக் கண்டால் எனக்கு வருத்தம் உண்டாகிறது.

இறுதியாக வைட்டமின் பி12. தானியத்திலோ பருப்பிலோ காயிலோ இது இல்லை. நம் உணவில் பாலும் தயிரும் மட்டுமே இதைத் தருவன. ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டுவது இரண்டு முதல் இரண்டரை மைக்ரோகிராம். பசும்பால் அரை லிட்டரில் ஏறத்தாழ இரண்டு உண்டு. தண்ணீர் சேர்த்துப் பெருக்கிய மோரில் எவ்வளவு இருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். போதாக்குறைக்கு, வயிற்றில் அமிலம் குறையும் முதுமையில் உண்ட பி12 உடலில் சேர்வதும் குறையும். சர்க்கரை நோய்க்காக மெட்பார்மின் மாத்திரையை நெடுநாள் உட்கொள்வோருக்கு இன்னும் குறையலாம். பாதம் மரத்தல், நாக்கு எரிதல், நடையில் தள்ளாட்டம், மறதி என்பன இதன் அறிகுறிகள். "வயதானால் அப்படித்தான்" என்று விட்டுவிட்டால் நரம்பு மீளாதபடி கெடும். காலத்தில் கண்டால் சரிசெய்யலாம். குருதிப் பரிசோதனை ஒன்றே போதும். பாலூட்டும் தாய்க்கு இக்குறை இருந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சியும் பாதிக்கப்படும் என்பதால், பால் விரும்பாத இளம் பெண்களும் இதைப் பரிசோதித்துக் கொள்ளுதல் வேண்டும்.

மாத்திரை நம் ஒழுக்கத்திற்கு ஏற்றதா என்று பலர் ஐயுறுகின்றனர். பி12 சத்து நுண்ணுயிரிகளைக் கொண்டு ஆக்கப்படுவது. விலங்கின் உடலிலிருந்து எடுக்கப்படுவதன்று. ஆனால் அதை அடைத்து வரும் மெல்லிய கூடு பெரும்பாலும் ஜெலட்டின். அது விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் செய்யப்படுவது. ஆகவே கூடு இல்லாத மாத்திரையாகவோ திரவ மருந்தாகவோ எழுதித் தருமாறு மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். வைட்டமின் டி3 பெரும்பாலும் ஆட்டு மயிரின் கொழுப்பிலிருந்து வருவது. டி2 என்னும் வகை அவ்வாறன்று. பாட்டியை நண்பகலை ஒட்டிச் சிறிது நேரம் முற்றத்து வெயிலில் அமர்த்துவதும் அச்சத்துக்கு உதவும். அப்போது ஒரு கிண்ணம் பருப்புக் கஞ்சியையும் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.