தேநீர்க் கடை முதல் தரவுக் கிடங்கு வரை

இங்கிலாந்தின் லயன்ஸ் நிறுவனம் நாடெங்கும் தேநீர்க் கடைகளை நடத்தி வந்தது. ரொட்டியும் கேக்கும் மிகுதியாகச் சுட்டால் வீணாகும். குறைவாகச் சுட்டால் வந்தவர் வெறுங்கையுடன் திரும்புவர். கணக்கெழுதும் பணியோ மலைபோல் குவிந்தது. எனவே, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எட்சாக் கணினியை முன்மாதிரியாகக் கொண்டு, அந்நிறுவனம் தானே ‘லியோ’ என்னும் கணினியை உருவாக்கியது. 1951இல் அது வணிகப் பணியைத் தொடங்கியது. தேநீர் விற்றவர்கள் கணினி செய்தது வியப்பே!

பின்னர்க் கடைகளின் தேவைப்பட்டியலும் லியோவிடம் வந்தது. ஒவ்வொரு கடையின் வழக்கமான தேவையும் முன்னரே துளையட்டைகளில் பதிவாகியிருந்தது. கடையை நடத்தும் பெண்மணி, மாற்றம் இருந்தால் மட்டும் தொலைபேசியில் கூறுவார். எல்லாவற்றையும் கேட்காமல் மாறியதை மட்டும் கேட்டதே அதன் நுட்பம்.

ஆனால், நாளைய தேவையைக் கணக்கிடுவது வேறு. பல ஆண்டு விற்பனையை ஒப்பிட்டு முடிவெடுப்பது வேறு. விற்பனையைப் பதியும் தரவுத்தளத்திடமே மேலாளர் நெடிய கேள்விகளைக் கேட்டால், கல்லாவில் வரிசை நீளும். ஆகவே ஆய்வுக்கெனத் தனித் ‘தரவுக் கிடங்கு’ வேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்றது. ஐபிஎம் பொறியாளர் இருவர் அதன் கட்டமைப்பை 1988இல் விளக்கினர். அங்குப் பழைய பதிவு அழிக்கப்படுவதில்லை, காலக்குறிப்புடன் நிலைக்கிறது. ஒரு கிளை ‘ரொட்டி’ என்றும் மற்றொன்று ‘பிரெட்’ என்றும் எழுதியிருந்தால், கிடங்கினுள் நுழையுமுன் இரண்டும் ஒரே பெயர் பெறவேண்டும். தவறினால், நன்கு விற்கும் பண்டமே விற்பனை குன்றியதாகத் தோன்றி, அதனை நிறுத்தும் ஆணையில் மேலாளர் கையொப்பமிடக்கூடும்.