காது கேளாத குழந்தை, காக்ளியர் கருவி, சைகை மொழி: பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குழந்தைக்கு இரண்டு காதும் கேட்கவில்லை என்ற அறிக்கையோடு பரிசோதனை அறையைவிட்டு வெளியே வரும் பெற்றோருக்கு ஆளுக்கொரு யோசனை காத்திருக்கும். டாக்டர் ஆபரேஷன் என்பார். பாட்டி குலதெய்வத்துக்கு வேண்டிக்கொள்ளச் சொல்வார். இணையத்தில் தேடினால் காக்ளியர் கருவியை அற்புதம் என்பவர்களும் அநியாயம் என்பவர்களும் மோதிக்கொண்டிருப்பார்கள். காது கேளாமை ஒரு குறைபாடே இல்லை என்று காது கேளாதவர்களே சொல்வதைப் படித்தால் தலை சுற்றும்.

குழப்பமான அந்த முதல் மாதங்களுக்காக எழுதியது இது. என் சாய்வு எந்தப் பக்கம் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கருவி வைப்பதா வேண்டாமா என்பது எனக்கு இரண்டாவது கேள்விதான். இன்றைக்கு, இந்த வாரம், அந்தக் குழந்தைக்கு எந்த வழியாக மொழி போய்ச் சேர்கிறது என்பதைத்தான் முதலில் கேட்பேன்.

படி 1: சந்தேகம் வந்தால் தள்ளிப்போடாதீர்கள்

"அவங்க அப்பனும் நாலு வயசுலதான் பேசினான்." "நாக்குல வசம்பு தேய்ச்சா சரியாயிடும்." இப்படிச் சொல்லிச் சொல்லியே எத்தனையோ குழந்தைகளின் பொன்னான இரண்டு வருடங்கள் போயிருக்கின்றன. வீட்டில் தட்டைத் தட்டிப் பார்த்து, "திரும்புறானே" என்று ஆறுதல் அடைவதும் உதவாது. கைநிழலைப் பார்த்தும் குழந்தை திரும்பும்; தரையில் அதிர்வை உணர்ந்தும் திரும்பும்.

முதல் சோதனை பிறந்த ஒரு மாதத்துக்குள், உறுதிசெய்வது மூன்று மாதத்துக்குள், உதவியைத் தொடங்குவது ஆறு மாதத்துக்குள். உலகெங்கும் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு இது. முதலில் செய்வது ஓ.ஏ.இ. சோதனை. காதில் சிறு முனையை வைத்து ஒலி அனுப்பி, உட்செவி திருப்பி அனுப்பும் மெல்லிய ஒலியைப் பதிவு செய்வார்கள். இதில் 'பாஸ்' என்று வந்தாலும், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைக்கும் கடுமையான மஞ்சள் காமாலை வந்த குழந்தைக்கும் கேள்நரம்பு வழியைப் பார்க்கும் பெரா சோதனையையும் கேட்டு வாங்குங்கள். உட்செவி நன்றாக இருந்து கோளாறு நரம்பில் மட்டும் இருந்தால் ஓ.ஏ.இ. அதைக் காட்டாது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளோடு இணைந்த ஆரம்பநிலை இடையீட்டு மையத்தை டி.இ.ஐ.சி. என்று கேட்டால் வழி காட்டுவார்கள்.

நம் ஊரில் சொந்தத்தில் திருமணம் செய்யும் வழக்கம் உண்டு. பிறவிக் கேளாமைக்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் சொந்தபந்தம் சேர்ந்துகொண்டு தாயைக் குறை சொல்ல ஆரம்பித்தால் ஒன்றை எடுத்துச் சொல்லுங்கள்: பரம்பரையாக வரும் கேளாமையில் பெரும்பகுதி, தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் அதே மரபணு வந்து சேர்ந்தால்தான் வெளிப்படும்.

படி 2: இது குறைபாடா? உங்கள் பதிலை யோசித்து வையுங்கள்

சட்டத்துக்கு இதில் குழப்பமில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இரு காதுகளிலும் 70 டெசிபல் இழப்பு இருந்தால் காது கேளாதவர். 60 முதல் 70 டெசிபல் என்றால் கேட்கும் திறன் குறைந்தவர். ஆனால் அந்தச் சட்டம் பிறக்கக் காரணமான ஐ.நா. உடன்படிக்கையைப் புரட்டிப் பாருங்கள். 2006-இல் உருவாகி, 2007-இல் இந்தியா ஏற்றுக்கொண்டது அது. சைகை மொழியும் மொழிதான், காது கேளாதோருக்கென்று ஒரு பண்பாடு உண்டு, அதை மதிக்கவேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறது. குறைபாடு என்பதையும் பண்பாடு என்பதையும் ஒரே ஆவணம் சொல்கிறது.

இரண்டும் எப்படி உண்மையாக இருக்கமுடியும் என்று புரிய, அமெரிக்காவின் மார்த்தாஸ் வின்யார்ட் தீவுக்குப் போகவேண்டும். அங்கே தலைமுறை தலைமுறையாகக் காது கேளாதவர்கள் பிறந்துகொண்டிருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் சில்மார்க் என்ற ஊரில் ஏறக்குறைய 25 பேருக்கு ஒருவர் அப்படி. அதனால் காது கேட்பவர்களும் சிறு வயதிலேயே சைகை மொழி பேசினார்கள். மீன்பிடிக்கும்போது படகுக்குப் படகு சைகையில் பேசிக்கொள்வார்கள். நோரா குரோஸ் என்ற மானுடவியலாளர் பின்னாளில் போய், வயதானவர்களிடம் விசாரித்து 1985-இல் ஒரு புத்தகம் எழுதினார். இன்னாருக்குக் காது கேட்காதே என்று எடுத்துச் சொன்னால்தான் பலருக்கு அது நினைவுக்கே வந்ததாம். கேளாதவர் கல்யாணம் செய்தார், நிலம் வாங்கினார், ஊர்க் கூட்டத்தில் பேசினார்.

நம் குழந்தை அந்தத் தீவில் பிறக்கவில்லையே என்பீர்கள். சரிதான். பேருந்து நிலையத்தில் அறிவிப்பு ஒலிபெருக்கியில் வருகிறது, வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார், ரேஷன் கடைக்காரர் தலை நிமிராமல் கேள்வி கேட்கிறார். கேளாதவர்களுக்கு ஓட்டுநர் உரிமமே கிடையாது என்றிருந்த நிலைமை, 2011-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் மாறத் தொடங்கியது. அதற்கு முந்தைய நாள்வரை அவர்களை வண்டி ஓட்டவிடாமல் தடுத்தது காது இல்லை, விதி. அதற்காகக் கேளாமையில் எந்தச் சிரமமும் கிடையாது, எல்லாம் சமூகம் செய்தது என்று நான் சொல்லமாட்டேன். இருட்டில் பின்னால் வரும் லாரியின் ஹாரன் எந்தத் தீவிலும் கேட்காதுதான். எவ்வளவு காதினால் வருகிறது, எவ்வளவு ஊரினால் வருகிறது என்று பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். முடிவெடுக்கும்போது அது கைகொடுக்கும்.

படி 3: கருவி என்ன செய்யும், எங்கே நின்றுவிடும்

உட்செவியில் நத்தை ஓடுபோல் இரண்டரைச் சுற்றாகச் சுருண்டிருக்கும் உறுப்பு காக்ளியா. அதிலுள்ள நுண்ணிய முடியணுக்கள்தான் ஒலி அதிர்வை நரம்புக்கான மின்குறிப்பாக மாற்றுகின்றன. கேளாத குழந்தைகள் பலருக்குப் பழுது அங்கேதான். காதுக்குப் பின்னால் மாட்டும் சாதாரண மெஷின் ஒலியைப் பெரிதாக்கும், அவ்வளவுதான். முடியணு பெரும்பாலும் இல்லையென்றால், எவ்வளவு பெரிதாக்கியும் பயன் குறைவு. காக்ளியர் கருவி அந்த அணுக்களைத் தாண்டிப்போய் நரம்பையே நேரடியாகத் தூண்டுகிறது. வெளியே ஒரு ப்ராசஸரும் காந்தத்தால் தலையில் ஒட்டும் காயிலும், தோலுக்கு அடியில் ஒரு பெறுவானும், காக்ளியாவுக்குள் செலுத்திய மெல்லிய மின்முனைச் சரமும் சேர்ந்ததுதான் கருவி. பல மின்முனைகள் கொண்ட கருவியை 1978-இல் மெல்போர்னில் பொருத்திய முன்னோடி கிரேம் கிளார்க். அவருடைய அப்பாவுக்கே காது சரியாகக் கேட்காது.

அறுவை சிகிச்சை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். புண் ஆறியபின், சில வாரங்கள் கழித்து 'ஸ்விட்ச் ஆன்'. குழந்தை திடுக்கிட்டுச் சிரிக்க, அம்மா அழும் வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தக் குழந்தைக்கு அன்று ஒலி கேட்டது, மொழி விளங்கவில்லை. அந்த வீடியோக்கள் அடுத்த மூன்று வருடத்தைக் காட்டுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் குறை. மேப்பிங் என்று மீண்டும் மீண்டும் அளவு சரிபார்க்கப் போகவேண்டும். கேட்டுப் பேசும் பயிற்சிக்கு வாராவாரம் போகவேண்டும், வீட்டில் தினமும் செய்யவேண்டும்.

இயற்கையான காதில் உள்வரிசை முடியணுக்கள் மட்டுமே சுமார் 3,500. கருவியில் மின்முனைகள் 12 முதல் 22 வரை. அமைதியான அறையில் ஒருவர் பேசுவது நன்றாகப் புரியும் குழந்தைக்குக் கல்யாண மண்டபத்தில் திணறல் வருவது இதனால்தான். குளிக்கும்போதும் தூங்கும்போதும் கழற்றிவிட்டால், சார்ஜ் தீர்ந்தால், குழந்தைக்கு மீண்டும் நிசப்தம்தான். மூளைக்காய்ச்சல் அபாயம் சற்றுக் கூடும் என்பதால் அதற்கான தடுப்பூசிகளை ஆபரேஷனுக்கு முன்பே போட்டுவிடவேண்டும். எம்.ஆர்.ஐ. எடுப்பதில் கட்டுப்பாடுகள் உண்டு. மிச்சமிருந்த இயற்கைக் கேட்புத்திறன் போய்விடவும் கூடும். கேள்நரம்பே இல்லாத குழந்தைக்கு இந்தக் கருவி பயன்படாது. ஸ்கேன் பார்த்துத்தான் சொல்வார்கள்.

வயது மிக முக்கியம். ஒலியை மொழியாகப் புரிந்துகொள்ள மூளை பழகுவது முதல் சில ஆண்டுகளில்தான். அமெரிக்காவில் 1990-இல் இரண்டு வயதிலிருந்து அனுமதித்தார்கள். 2020-இல் அது 9 மாதமாக இறங்கியது. பிறவியிலேயே கேளாமல் பதினைந்து வயதைத் தாண்டியவருக்கு ஒலி கேட்கும், பேச்சு விளங்குவது பெரும்பாலும் கடினம்.

படி 4: எதிர்ப்பவர்கள் சொல்வதையும் காதுகொடுத்துக் கேளுங்கள்

கண்ணெதிரே உதவி இருக்கும்போது ஏன் வேண்டாம் என்கிறார்கள் என்று எரிச்சல் வரும். அதற்குப் பின்னால் நீண்ட கதை ஒன்று இருக்கிறது. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, பள்ளிகளில் சைகையை விலக்கிப் பேச்சுமுறையில் மட்டும் கற்பிக்கவேண்டும் என்று தீர்மானித்தது. வாக்களித்தவர்களில் அநேகமாக எல்லோரும் காது கேட்பவர்கள். அடுத்த நூறு ஆண்டு, பல நாடுகளில் கேளாத பிள்ளைகள் சைகை செய்ததற்காக அடி வாங்கினார்கள். உதட்டசைவைப் பார்த்துப் பாதியும் ஊகித்துப் பாதியுமாகப் படித்து, கடைசியில் பேச்சும் வராமல் சைகையும் இல்லாமல் நின்றவர்கள் ஏராளம். 2010-இல் வான்கூவரில் கூடிய மாநாடு அந்தத் தீர்மானங்களைக் கைவிட்டு வருத்தம் தெரிவித்தது. அந்த நூறாண்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, "இனி எல்லாக் குழந்தையும் பேசும், சைகை எதற்கு?" என்ற குரல் புதிதாகத் தோன்றவில்லை.

அமெரிக்கக் காது கேளாதோர் தேசியச் சங்கம் 1991-இல் குழந்தைகளுக்குக் கருவி பொருத்துவதைக் கடுமையாக எதிர்த்தது. 2000-இல் நிலைப்பாட்டை மாற்றி, கருவியும் ஒரு வழி, பெற்றோர் முழுத் தகவலோடு முடிவெடுக்கட்டும் என்றது. அதே ஆண்டில் வெளிவந்த 'சவுண்ட் அண்ட் ஃபியூரி' ஆவணப்படம் ஒரே குடும்பத்தின் சண்டையைக் காட்டியது. ஹெதர் அர்டினியன் என்ற சிறுமி கருவி கேட்கிறாள். காது கேளாத பெற்றோர் தயங்கி மறுக்கிறார்கள். படம் பார்த்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் நின்று திட்டினார்கள். சில ஆண்டுகளில் ஹெதருக்கும், அவள் தாய்க்கும்கூட, கருவி பொருத்தப்பட்டது. ஹெதர் சைகையையும் விடவில்லை, பேச்சையும் விடவில்லை. பிறகு ஹார்வர்டில் சட்டம் படித்தார். திட்டியவர்களில் இரு தரப்பும் எதிர்பார்க்காத முடிவு.

படி 5: காத்திருக்காமல் சைகையைத் தொடங்குங்கள்

சைகை கற்றுக்கொண்டால் குழந்தை பேசாமல் சோம்பலாகிவிடும் என்று சில பயிற்சியாளர்கள் எச்சரிப்பார்கள். ஆய்வுகள் ஒரே திசையில் இல்லை. 2017-இல் கீர்ஸும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், சைகை இல்லாமல் வளர்ந்த கருவிக் குழந்தைகள் பேச்சில் முன்னிலையில் இருந்தார்கள். 2014-இல் டேவிட்சன் குழு ஆராய்ந்த சில கருவிக் குழந்தைகளின் பெற்றோரே காது கேளாதவர்கள்; பிறந்ததிலிருந்து வீட்டில் சைகை மொழி. அந்தப் பிள்ளைகள், சைகை பேசும் வீட்டில் வளர்ந்த, காது கேட்கும் பிள்ளைகளுக்கு நிகராக ஆங்கிலம் பேசினார்கள். முதல் ஆய்வில் பெற்றோர் பெரும்பாலும் சைகையை அப்போதுதான் கற்பவர்கள். இரண்டாவதில் அது தாய்மொழி. இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு ஒன்றை மட்டும் நீட்டிக் காட்டுபவர்களை நம்பாதீர்கள்.

நான் பார்க்கும் கணக்கு நடைமுறை சார்ந்தது. பரிசோதனை, காப்பீடு, வரிசை, ஆபரேஷன், பயிற்சி என்று முதல் சொல் வாயில் வருவதற்கு ஒன்றிரண்டு ஆண்டு ஆகும். அதுவரை பால் வேண்டும், வலிக்கிறது, பயமாயிருக்கிறது என்று சொல்ல அந்தக் குழந்தைக்கு என்ன வழி வைத்திருக்கிறீர்கள்? கருவி நன்றாக அமையாமல் போனால் அந்த வருடங்களை யார் திருப்பித் தருவார்கள்? கை எப்போதும் கூடவே இருக்கிறது, சார்ஜ் போடவேண்டியதில்லை.

டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் பத்தாயிரம் சொற்கள் கொண்ட வீடியோ அகராதியை இலவசமாக வைத்திருக்கிறது. அதைவிடச் சிறந்த வழி, உங்கள் மாவட்டக் காது கேளாதோர் சங்கத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தையோடு போவது. வேலை, கல்யாணம், வண்டி, வீட்டுக் கடன் என்று வாழும் காது கேளாத பெரியவர்களைப் பார்த்த பிறகு, ஆபரேஷன் பற்றி எந்த முடிவெடுத்தாலும் அது பயத்தில் எடுத்ததாக இருக்காது.

படி 6: கருவி என்று தீர்மானித்தால்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இது சேரும். வருமான வரம்பு உண்டு. உதவிக் கருவிகளுக்கான மத்திய அரசின் அடிப் திட்டமும் இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் கேட்கவேண்டியவை: பயிற்சி எத்தனை மாதத்துக்கு இலவசம், எங்கள் ஊருக்கு அருகில் பயிற்சியாளர் யார், ப்ராசஸர் பழுதானால் எத்தனை நாளில் மாற்றுக் கருவி, கேபிளும் காயிலும் என்ன விலை, உத்தரவாதம் முடிந்தபின் யார் பொறுப்பு. பயிற்சி மையம் மூன்று மணி நேரப் பயணத்தில் இருந்து, அப்பாவும் அம்மாவும் கூலி வேலைக்குப் போகிறவர்கள் என்றால், இதை முதல் நாளே பேசித் தீர்க்கவேண்டும். காப்பீட்டில் வாங்கிய கருவி பீரோவில் தூங்கும் வீடுகள் இருப்பது பெரும்பாலும் இந்த ஒரு காரணத்தால்தான்.

படி 7: வேண்டாம் என்று தீர்மானித்தால்

அதுவும் உழைப்பு கேட்கும் முடிவுதான். குழந்தை மட்டும் சைகை கற்றால் போதாது. அப்பா, அம்மா, அக்கா, தாத்தா எல்லோரும் கற்கவேண்டும். வீட்டில் பேச ஆளில்லாத சைகைக் குழந்தை பள்ளி விடுதியில்தான் மொழி பெறும், அதுவும் தாமதமாக.

படி 8: அடையாள அட்டையும் பள்ளியும்

எந்த வழி போனாலும் யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். கருவி வைத்துவிட்டதால் கிடைக்காது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். சான்றிதழுக்கான அளவீடு கருவியைக் கழற்றிய நிலையில்தான் எடுக்கப்படுகிறது. அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீத ஒதுக்கீட்டில் 1 சதவீதம் கேள்திறன் பாதிக்கப்பட்டவர்களுக்கு.

பள்ளி தேடும்போது பேச்சுமுறையா, சைகையா, இரண்டுமா என்று கேளுங்கள். சென்னையின் பால வித்யாலயா 1969-இலிருந்து சிறு குழந்தைகளைக் கேட்டுப் பேசும் வழியில் பயிற்றுவிக்கிறது. பாளையங்கோட்டையில் 19-ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிய காது கேளாதோர் பள்ளி இன்றும் நடக்கிறது. சாதாரணப் பள்ளியில் சேர்த்தால் முன்வரிசை இருக்கை, பேசும்போது முகம் காட்டும் ஆசிரியர், பொதுத்தேர்வில் மொழிப்பாடச் சலுகையும் கூடுதல் நேரமும். இவற்றை எழுத்துமூலம் கேட்டு, நகலை வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பத்தாம் வகுப்பில் தேடும்போது கிடைக்காது.