காதில் இருக்கும் ஆங்கிலம்

கோவை, திருப்பூர் வட்டாரத்தில் முதல் வகுப்புக்கு வரும் குழந்தைக்கு ஆங்கில எழுத்து தெரியாமல் இருக்கலாம். ஆங்கிலச் சொல் தெரியாமல் இருப்பதில்லை. பஸ், கப், பன், பேட் எல்லா வீட்டிலும் புழங்குகின்றன. தோட்டத்து வீட்டில் மோட்டாரும் பியூஸும், பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள் வீட்டில் கட்டிங்கும் செக்கிங்கும் பேக்கிங்கும் அன்றாடப் பேச்சு. வாசிப்பை இந்தச் சொற்களிலிருந்து தொடங்குவதே சரி. சுவர் அட்டையில் 'எக்ஸ்' எழுத்துக்கு சைலபோன் படம் இருக்கும். அந்த இசைக்கருவியைக் குழந்தை பார்த்ததில்லை. அந்தச் சொல்லில் 'எக்ஸ்' தன் வழக்கமான ஒலியைத் தருவதுமில்லை. டிபன் பாக்ஸோ குழந்தையின் பையிலேயே இருக்கிறது.

எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு. 'சி, யு, டி' என்று எத்தனை வேகமாகச் சொன்னாலும் 'கட்' வராது. 'க்', 'அ', 'ட்' என்று ஒலிகளைச் சேர்த்தால் வரும். இந்த வித்தையைத் தமிழ் வகுப்பு ஏற்கெனவே கற்றுத் தந்திருக்கிறது: ம் + அ = ம. ஆங்கில ஒலிகளைச் சொல்லும்போது 'க', 'ட' என்று அகரம் சேர்க்காமல், புள்ளி வைத்த மெய்யாகவே சொன்னால் குழந்தை விரைவில் கூட்டிப் படிக்கும். 26 எழுத்துகளுக்கு ஏறத்தாழ 44 ஒலிகள் இருப்பதால், தொடக்கத்தில் ஓர் எழுத்துக்கு ஒரே ஒலி போதும்.

தமிழ்க் குழந்தைக்கு உண்மையான சிக்கல் வேறிடத்தில் வருகிறது. குண்டூசிக்கும் குப்பைத்தொட்டிக்கும் உரிய ஆங்கிலச் சொற்கள் தமிழில் ஒன்றுபோலவே 'பின்' என எழுதப்படும். ஆனால் அவற்றின் முதல் ஒலிகள் இரண்டும் குழந்தையின் வாயில் உண்டு. 'தப்பு' சொல்லும்போது வருவது ஒன்று, 'தம்பி' சொல்லும்போது வருவது மற்றொன்று. 'பட்டு – வண்டி', 'பக்கம் – தங்கம்' ஆகியவையும் அப்படியே. தொண்டையில் விரல் வைத்து இந்த இணைகளைச் சொல்லிப் பார்த்தால் அதிர்வின் வேறுபாடு கைக்கே தெரியும். திருப்பூர்ப் பள்ளிகளில் சேரும் இந்தி, ஒடியா வீட்டுப் பிள்ளைகளின் மொழிகளில் இந்த இரண்டு ஒலிகளுக்கும் தனித்தனி எழுத்து உண்டு என்பதால், இவ்விடத்தில் அவர்களை முன்னால் நிறுத்திச் சொல்ல வைக்கலாம். புதிய ஊரில் பேசத் தயங்கும் குழந்தைக்கு அது பெரிய துணிச்சலைத் தரும்.

கூட்டிப் படிப்பது பாதி வேலைதான். பிலிப் காஃப், வில்லியம் டன்மர் இருவரும் 1986-இல் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காக விளக்கினார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறன் ஒரு பக்கம், மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் மறு பக்கம். ஒன்று சுழியமானால் விடையும் சுழியம். 'மட்' என்று பிழையின்றிப் படித்த குழந்தைக்கு அது சேறு என்று தெரியாவிட்டால் அது வாசிப்பாகாது. அந்த இடத்தில் தமிழில் பொருள் சொல்லத் தயங்கவே கூடாது. ஒரு சொல்லில் பொருள் விளங்கிவிடும். பிறகு அதே சொல்லை மழை நாளிலும் கதையிலும் விளையாட்டிலும் திரும்பத் திரும்பக் கேட்க வைக்க வேண்டும். வினைச்சொற்களுக்கு உடம்பே பாடம்: குதித்துக்கொண்டே 'ஜம்ப்'.

ஆங்கிலம் அறியாத பெற்றோர் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. துலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த படக்கதைகளை வெளியிடுகிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் இரு மொழிக் கதைகளும் இலவசம். படத்தைக் காட்டி "அப்புறம் என்னாச்சு கண்ணு?" என்று பாட்டி கேட்பதும் சொல்வளப் பயிற்சியே.

தமிழக அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்துத் தமிழ், ஆங்கிலம், கணக்கு கற்பிக்கிறது. ஒரு குழந்தையின் தமிழ் நிலையையும் ஆங்கில நிலையையும் அருகருகே வைத்துப் பார்ப்பது அவசியம். தமிழ் சரளமாக இருந்து ஆங்கிலம் மட்டும் தடுமாறினால் ஒலிப் பயிற்சி போதும். இரண்டிலும் தடுமாறினால் முதலில் காதையும் கண்ணையும் பரிசோதிக்க வேண்டும். அவை நன்றாக இருந்தால், கற்றல் குறைபாடு உண்டா என்று உரிய வல்லுநரிடம் காட்ட வேண்டும்.