பெர்கனின் கை

அன்புள்ள மருமகனுக்கு,

அக்கா போனில் சொன்னாள். மூன்று ஆட்டமாக உன்னை வெளியே உட்கார வைத்துவிட்டார்களாம். கீப்பிங்கில் ஒரு குறையும் இல்லை, பேட்டைப் பிடித்தால்தான் ரன் வருவதில்லை என்றார்களாம். அந்தக் கோபத்தில் கிளவ்ஸைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டாயாமே. முதலில் அதைக் கீழே இறக்கு, பிறகு மேலே படி.

பில் பெர்கன் என்று ஒருவர் இருந்தார். அமெரிக்காவிலேயே பேஸ்பால் பைத்தியங்களுக்குத்தான் அவரைத் தெரியும், அதுவும் கேலி செய்வதற்காக. 1878-இல் மாசசூசெட்ஸில் நார்த் புரூக்ஃபீல்ட் என்ற ஊரில் பிறந்தவர். வேலை, கேட்சர். நம் விக்கெட் கீப்பர் மாதிரிதான், ஸ்டம்ப் மட்டும் கிடையாது. அடிப்பவனின் முதுகுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வருகிற பந்தையெல்லாம் வாங்க வேண்டும். 1901-இல் சின்சினாட்டி அணியில் சேர்ந்தார். 1904 முதல் 1911 வரை புரூக்ளின்.

அவர் பேட்டிங்கைக் கேட்டால் உன் கவலை பறந்துவிடும். மொத்தக் கணக்கில் 3,028 முறைக்கு 516 ஹிட். சராசரி .170, அதாவது நூற்றுக்குப் பதினேழு. 2,500 முறைக்கு மேல் பேட் பிடித்தவர்களில் இவரைவிடக் கீழே எவரும் இல்லை. 1909-இல் அது .139-க்குச் சரிந்தது. அந்த ஆண்டு தொடர்ந்து 40 தடவைக்கு மேல் ஒரு ஹிட்கூட இல்லாமல் திரும்பியிருக்கிறார். பெவிலியனுக்கு நடந்து திரும்பும் தூரம் எவ்வளவு நீளமானது என்று உனக்குத் தெரியுமே.

அப்படிப்பட்டவரை 11 சீசன் எதற்காக வைத்துக்கொண்டார்கள்?

அந்தக் காலத்துப் பந்து அவ்வளவாகப் பறக்காது. ஹோம் ரன் அபூர்வம். அதனால் ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸுக்குத் திருட்டு ஓட்டம் ஓடித்தான் ரன் சேர்ப்பார்கள். பிட்சர் பந்தை விடும்போதே முதல் பேஸில் நிற்பவன் பாய்ந்துவிடுவான். கேட்சர் பந்தை வாங்கி, எழுந்து, 127 அடிக்கு அப்பால் இருக்கும் இரண்டாம் பேஸுக்கு, ஓடுகிறவனின் கால் படுவதற்குள் எறிய வேண்டும். இதில் பெர்கன் கெட்டிக்காரர். 1909 ஆகஸ்ட் 23 அன்று செயின்ட் லூயிஸ் அணி ஓடிப் பார்த்தது. ஒரே ஆட்டத்தில் ஆறு பேருக்குக் குறையாமல் அவுட்டாக்கினார். ஆண்டைக் கவனித்தாயா? .139 அடித்த அதே ஆண்டு.

இவருடைய அண்ணன் மார்ட்டியும் கேட்சர்தான், பாஸ்டன் அணியில். மனம் பேதலித்து, 1900 ஜனவரியில் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் கொன்று தன்னையும் மாய்த்துக்கொண்டார். மறு ஆண்டே தம்பி அதே வேலைக்கு வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். இதை விரித்து எழுத எனக்கு மனமில்லை. .170 என்று சிரிக்கிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு சிரிக்கட்டும் என்பதற்காகச் சொன்னேன்.

ஆனால் ஒன்று. பெர்கனைச் சாக்கு வைத்து பேட்டிங் பயிற்சிக்கு மட்டம் போட்டாயானால் இந்தக் கடிதத்தை நான் எழுதியதே தப்பு. இன்றைக்கு அவரை எந்த அணியும் எடுக்காது. நம் ஆட்டத்திலும் கில்கிறிஸ்ட், தோனிக்குப் பிறகு, எட்டாவதாக இறங்கி ஏழு ரன் அடிக்கிற கீப்பரை யார் வைத்துக்கொள்வார்கள்? உன் கோச் சொன்னது நியாயம்தான். உன் முடிவுதான் அநியாயம். போன தீபாவளிக்கு வந்தபோது நீ ஆடியதைப் பார்த்தேன். லெக் சைடில் காலை உரசிக்கொண்டு போன பந்தை எடுத்து, அதே வீச்சில் பெயில்ஸைத் தட்டினாயே, அது சொல்லிக்கொடுத்து வருவதில்லை. இருபது முப்பது ரன் அடிப்பது சொல்லிக்கொடுத்தால் வரும். வராததைக் கற்றுக்கொள்ள, வந்ததைப் பரணில் போடுவார்களா?

பெர்கனை 1911-க்குப் பிறகு புரூக்ளின் வைத்துக்கொள்ளவில்லை. அந்த ஆண்டு அவர் அடித்தது .132. கை அப்போதும் கைதான், ஆனாலும் பொறுமைக்கு ஓர் எல்லை உண்டு. உன் எல்லை இன்னும் வெகுதூரத்தில் இருக்கிறது. மூன்று ஆட்டம் ஒரு கணக்கே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். மொட்டை மாடியில் நான் பந்து போடுகிறேன், முட்டி வலித்தாலும் ஒரு மணி நேரம் தாங்கும். கிளவ்ஸ், பேட் இரண்டையும் எடுத்து வை. அக்காவிடம் இட்லிக்கு ஊறப்போடச் சொல்.

உன் மாமா